பொருந்தும் சக்கரம்: அமெரிக்க பிக்கப் வண்டிகளில் ஒரு நூற்றாண்டுக் கணக்கு

பிக்கப் வண்டிக்கு வேறு சக்கரம் மாட்ட நினைப்பவர் முதலில் பார்ப்பது ரிம்மின் விட்டத்தையும் அகலத்தையும். அடுத்து நட்டுத் துளைகள் எத்தனை, அவற்றின் மையங்கள் வழியாகச் செல்லும் வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். டயர் கடைகளில் பிசிடி என்று சொல்வது இந்த வட்டத்தின் அளவைத்தான். பிறகு நடுத்துளையின் அளவு, சக்கரம் எவ்வளவு உள்ளே புகுந்து நிற்கும் என்பதைச் சொல்லும் ஆஃப்செட், நட்டு உட்காரும் குழியின் வடிவம், சக்கரம் தாங்கும் எடை என்று பட்டியல் நீள்கிறது. இதை யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து திட்டமிட்டு எழுதவில்லை. நூறு ஆண்டுகளில் ஒவ்வோர் அளவும் ஒவ்வொரு காரணத்தால் வந்து சேர்ந்தது. பிக்கப் பிறந்து வளர்ந்த அமெரிக்காவில் அந்தக் காரணங்களைத் தெளிவாகப் பின்தொடர முடிகிறது.

மோட்டார் வண்டியின் தொடக்க ஆண்டுகளில் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. மர ஆரங்கள் கொண்ட சக்கரம் ஹப்போடு சேர்ந்தே இருந்தது. பஞ்சரானால் சக்கரம் வண்டியில் இருந்தபடியே டயரை நெம்பி எடுத்து, டியூபை ஒட்டி, மறுபடி ஏற்றிக் கையால் காற்றடிக்க வேண்டும். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் இதற்கு ஒரு மாற்று வழி கண்டார்கள். ஆரம் இல்லாத இரும்பு வளையத்தில் காற்றடைத்த டயர் ஒன்றைத் தயாராக வைத்திருந்து, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் கொக்கி போட்டுப் பிணைத்துவிடுவதே அந்த வழி. ஸ்டெப்னி தெருவில் உருவானதால் அது ஸ்டெப்னி சக்கரம் ஆயிற்று. தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் உதிரிச் சக்கரத்தை இன்றும் அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். ஒரு வண்டிக்காகச் செய்யப்படாத சக்கரம் அந்த வண்டியில் பொருந்துமா என்ற கேள்வி பரவலாக எழுந்தது இங்கேதான். வளையத்தின் விட்டமும் வண்டியின் ரிம் விட்டமும் ஒத்துப்போகாவிட்டால் கொக்கி பிடிக்காது.

ஃபோர்டு நிறுவனம் 1908-இல் கொண்டுவந்த மாடல் டி வண்டியில் சிக்கல் இன்னும் விசித்திரமானது. முன் டயர் 30×3, பின் டயர் 30×3½. முதல் எண் டயரின் வெளிவிட்டம், இரண்டாவது அதன் பருமன், இரண்டும் அங்குலத்தில். பருமனை இருபுறமும் கழித்துப் பார்த்தால் முன் ரிம் 24 அங்குலம், பின் ரிம் 23 அங்குலம். வெளியே பார்த்தால் நான்கும் ஒரே உயரம்தான், ஆனால் முன்னால் ஏறும் டயர் பின்னால் ஏறாது. நெடுந்தூரம் போகிறவர் இரண்டு அளவிலும் டயர் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. டயரோடு சேர்த்து ரிம்மையே கழற்றும் முறைக்கு லூயி பெர்ல்மன் 1906-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1913-இல்தான் கிடைத்தது. 1919-இல் ஃபோர்டும் கழற்றும் ரிம்மைத் தரத் தொடங்கியபோது நான்கு சக்கரங்களும் 30×3½ என்று ஒரே அளவுக்கு வந்தன. 1925 ஏப்ரலில் 281 டாலர் விலையில் பிக்கப் பெட்டியோடு மாடல் டி விற்பனைக்கு வந்தது. அதை வாங்கிய விவசாயிக்கு ஒரே ஒரு உதிரி டயர் போதுமானதாக இருந்தது.

இதற்குள் டயர் தொழில் தன் பக்கத்து வேலையை முடித்திருந்தது. அமெரிக்காவின் டயர் அண்டு ரிம் அசோசியேஷன் தன் தொடக்கத்தை 1903-க்குக் கொண்டுபோகிறது. டயரும் ரிம்மும் தொட்டுக்கொள்ளும் இடத்தின் அளவுகளை அந்த அமைப்பு வகுத்தது. டயர் உற்பத்தியாளருக்கு அது வாழ்வாதாரப் பிரச்சினை: எல்லா நிறுவனங்களின் வண்டிக்கும் விற்க வேண்டியவர் அவர். ஆகவே 16 அங்குல டயர் என்றால் எந்த ஊரில் வாங்கினாலும் எந்த 16 அங்குல ரிம்மிலும் ஏறும் நிலை சீக்கிரமே வந்தது. சக்கரமும் ஹப்பும் தொட்டுக்கொள்ளும் இடத்துக்கு அப்படி ஒரு பொது அளவு வரவே இல்லை. இரண்டையும் ஒரே வண்டி நிறுவனம் தன் வரைபடத்திலேயே முடிவு செய்தது; அடுத்த நிறுவனத்தின் சக்கரம் தன் வண்டியில் ஏற வேண்டும் என்ற தேவை அதற்கு இல்லை. பின்னாளில் வந்த குழப்பம் அனைத்துக்கும் வேர் இந்த வேறுபாடுதான்.

மர ஆரம் போய்க் கம்பி ஆரமும், பிறகு அழுத்தி உருவாக்கிய எஃகுத் தகட்டுச் சக்கரமும் வந்தபோது, ஹப்பில் வட்டமாக நிற்கும் ஸ்டட்களில் சக்கரத்தை மாட்டி நட்டு முறுக்கும் முறை நிலைபெற்றது. 1928 மாடலாக வந்த ஃபோர்டு மாடல் ஏ வண்டியில் ஐந்து ஸ்டட்கள், 5.5 அங்குல வட்டம். அதன் சக்கர விட்டம் 21 அங்குலம். 1930-இல் 19, 1932-இல் 18, 1933-இல் 17, 1935-இல் 16 என்று ரிம் சுருங்கிக்கொண்டே வந்தபோதும் அந்த வட்டம் மாறவில்லை. 1936 முதல் 1939 வரை மட்டும் 10¼ அங்குலம் கொண்ட மிக அகலமான வட்டத்துக்கு ஃபோர்டு போய்ப் பார்த்தது; 1940-இல் பழைய அளவுக்கே திரும்பியது. 1949-இல் ஃபோர்டு கார்கள் 4.5 அங்குலத்துக்கு மாறியபோதும் பிக்கப் மாறவில்லை. 1948-இல் வந்த எஃப்-1 தொடங்கி 1996-இன் எஃப்-150 வரை அரை டன் சுமை வகைப் பிக்கப்பில் 5×5.5, அதாவது ஐந்து துளையும் 5.5 அங்குல வட்டமும், நீடித்தது. போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் அளவும் அதுவே. 1940களின் இறுதியில் பம்பாயில் மஹிந்திரா பூட்டிய ஜீப்கள் வழியாகவும், 1985-இல் வந்த மாருதி ஜிப்சி வழியாகவும் அதே வட்டம் இந்தியச் சாலைகளுக்கும் வந்தது. மி.மீ. கணக்கில் அது 139.7.

போருக்குப் பிந்தைய ஷெவர்லே அரை டன் பிக்கப்பிலும் வட்டம் 5.5 அங்குலம்தான், ஆனால் துளை ஆறு. அந்தக் காலத்துப் பண்ணைப் பட்டறையில் துளையை எண்ணினாலே பாதி விடை கிடைத்தது. ஐந்து என்றால் ஃபோர்டு, ஆறு என்றால் ஷெவர்லே. எண்ணுவது போதாத இடத்தில் அளக்க வேண்டும். ஆறு துளைக்கும் எட்டு துளைக்கும் அளப்பது எளிது: ஒரு துளையின் மையத்திலிருந்து நேர் எதிர்த் துளையின் மையம் வரை டேப் வைத்தால் முடிந்தது. ஐந்து துளையில் எதற்கும் நேர் எதிர் கிடையாது. அடுத்தடுத்த இரு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து 1.701 ஆல் பெருக்க வேண்டும். 5.5 அங்குல வட்டத்தில் அந்த இடைவெளி 3.23 அங்குலம், 5 அங்குல வட்டத்தில் 2.94, 4.5 அங்குல வட்டத்தில் 2.65. அரை அங்குல வித்தியாசம் இங்கே கால் அங்குலத்துக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடுகிறது. துருப்பிடித்த சக்கரத்தில், நட்டுக் குழியின் ஓரத்தை மையம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தவறிவிடும். துளையின் ஒரு விளிம்பிலிருந்து அடுத்த துளையின் அதே பக்க விளிம்புக்கு வெர்னியர் வைப்பதே பட்டறைக்காரர்களின் நம்பகமான வழி.

1971-இல் துளையை எண்ணும் விதி உடைந்தது. அந்த ஆண்டு ஷெவர்லே தன் அரை டன் பிக்கப்பின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தது. அதோடு இருசக்கர ஓட்டம் கொண்ட சி10 வண்டி ஆறு துளையிலிருந்து 5×5 அளவுக்கு மாறியது. நாற்சக்கர ஓட்டம் கொண்ட கே10 பழைய ஆறு துளையிலேயே நின்றது. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே உடல், ஆனால் சக்கரம் ஒன்றுக்கொன்று மாறாது. இந்தப் பிரிவு 1998 வரை நீடித்தது. 1999-இல் வந்த சில்வராடோவில்தான் அரை டன் வண்டிகள் மறுபடி ஆறு துளையில் ஒன்றுசேர்ந்தன. டிஸ்க் பிரேக் இன்னொரு கேள்வியையும் கொண்டுவந்தது. டிரம் உருண்டையானது, சக்கரத்தின் குழிக்குள் அடங்கிவிடும். காலிப்பர் ஒரு பக்கம் புடைத்து நிற்கும். பிசிடி சரியாக இருந்தும், மாட்டிச் சுற்றினால் ரிம்மின் உட்புறம் காலிப்பரில் உரசுவது அப்போதுதான் பழக்கமான தொல்லை ஆயிற்று. பழைய சக்கரத்தை மாட்டிவிட்டு, வண்டியை இறக்குவதற்கு முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பது அன்று முதல் நல்ல மெக்கானிக்கின் வழக்கம்.

இதற்கிடையே அழகுச் சக்கரங்களின் சந்தையும் வளர்ந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1956-இல் அமெரிக்கன் ரேசிங் தொடங்கியது. கலிபோர்னியாவின் வேறு பல நிறுவனங்களும் அலாய் சக்கரம் வார்த்தன. வண்டி நிறுவனத்துக்கு இல்லாத தலைவலி இவர்களுக்கு இருந்தது: ஒரே சக்கரத்தைப் பல வண்டிக்காரர்களுக்கு விற்க வேண்டும். க்ராகர் போன்ற நிறுவனங்கள் துளையை நீள்துளையாக வெட்டி, மையம் விலகிய வாஷர்களைப் போட்டு, 4.5 முதல் 5 அங்குலம் வரை எந்த வட்டத்துக்கும் பொருத்தும்படி செய்தன. யூனிலக் என்ற இந்த ஏற்பாடு காருக்கு ஓரளவு சரி. பெட்டி நிறைய மணல் ஏற்றிக் குண்டும் குழியுமான பாதையில் போகும் பிக்கப்புக்கு அது ஏற்றதல்ல. ஒரு வாஷர் திரும்பி உட்கார்ந்தாலும் நட்டு இறுக்கம் விட்டுவிடும். சக்கரத்தோடு வந்த நட்டையும் வாஷரையும் தவிர வேறொன்றைப் போடக் கூடாது என்ற விதி இங்கேதான் அழுத்தம் பெற்றது. எஃகுச் சக்கரத்தின் நட்டுக்குக் கூம்பு முகம், சில அலாய்களுக்குத் தட்டை வாஷரும் நீண்ட கழுத்தும், வேறு சிலவற்றுக்கு உருண்டை முகம். குழியும் முகமும் ஒத்துப்போகாவிட்டால் முறுக்கும்போது இறுகியதாகத் தோன்றும், ஓடும்போது தளரும். கிறைஸ்லர் குழும வண்டிகளில் 1970களின் தொடக்கம் வரை இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமுறுக்கு நட்டு இருந்ததும் பலரைத் தடுமாற வைத்தது. கழற்றுவதாக நினைத்து இறுக்கி ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம்.

இந்த வரலாற்றில் உயிர்ப்பலி வாங்கிய அத்தியாயம் ரிம் விட்டத்தில், அதாவது தீர்ந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய அளவில் நடந்தது. 1960களில் முக்கால் டன், ஒரு டன் பிக்கப்களுக்கு டியூப் இல்லாத டயர் கொடுக்க 16.5 அங்குல ரிம்மைக் கொண்டுவந்தார்கள். பெரிய லாரிகளின் 22.5 அங்குல ரிம்மில் பழக்கத்துக்கு வந்திருந்த வடிவத்தின் சிறிய பதிப்பு அது. டயரின் ஓரக்கம்பி, அதாவது பீடு, உட்காரும் பகுதி 16 அங்குல ரிம்மில் 5 டிகிரி சாய்வாக இருக்கும், 16.5-இல் அது 15 டிகிரி. ஃபோர்டு எஃப்-250, ஷெவர்லே சி20 போன்ற வண்டிகளில் ஆண்டுக்கும் தேர்வுக்கும் ஏற்ப இரண்டு வகையும் வந்தன. எட்டு துளையும் பிசிடியும் ஒன்றேதான். தரையில் கிடக்கும் இரண்டு சக்கரங்களைக் கண்ணால் பிரித்தறிவது கடினம்.

ஆபத்து இப்படி நேர்ந்தது. 16 அங்குல டயரை 16.5 ரிம்மில் நெம்பினால் ஏறிவிடும். ரிம்மின் நடுப்பள்ளம் அதற்கு இடம் கொடுத்துவிடுகிறது. காற்றடிக்கும்போது ஒரு பக்கப் பீடு விளிம்பை நோக்கி நகர்ந்து நிற்கும், மறுபக்கம் முழுதாக ஏறாமல் தொங்கும். டயர் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்துக் காற்றைக் கூட்டுவார் கடைக்காரர். எவ்வளவு கூட்டினாலும் அது உட்காராது, ஏனென்றால் உட்கார வேண்டிய இடமே பெரிது. அழுத்தம் ஏறி, பீடுக்குள் இருக்கும் எஃகுக் கம்பிக் கட்டு அறுந்ததும் டயர் வெடித்துச் சக்கரம் மேலே பாய்கிறது. குனிந்து காற்று பிடித்துக்கொண்டிருந்தவரின் கைகளும் முகமும் அதன் நேர்வழியில் இருந்தன. பலர் இறந்தார்கள், பலர் ஊனமானார்கள், நீதிமன்றங்களில் வழக்குகள் நீண்டன. 16 அங்குல டயரை 16.5 அங்குல ரிம்மில் ஒருபோதும் ஏற்றாதீர்கள் என்ற எச்சரிக்கை டயரின் பக்கச்சுவரிலேயே வார்க்கப்பட்டது. பீடை உட்கார வைக்க 40 பவுண்டு அழுத்தத்தைத் தாண்டக் கூடாது, காற்றடிக்கும்போது சக்கரத்துக்கு நேராக நிற்கக் கூடாது என்பவையும் இத்தகைய சாவுகளிலிருந்து பிறந்த விதிகள். 1980களின் இறுதிக்குள் புதிய பிக்கப்களில் 16.5 ஏறக்குறைய மறைந்தது. ஆனால் அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டி அதே அளவைத் தொடர்ந்ததால், உபரிச் சந்தை வழியாக அந்த டயர்கள் இன்றும் வெளியே வருகின்றன. ரிம்மில் பொறித்த எண்ணைத் துடைத்துப் படிக்காமல் டயர் ஏற்றக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அந்தப் பொறிப்பையே சட்டம் கட்டாயமாக்கியது. லாரி, பிக்கப் ரிம்களுக்கான அமெரிக்கக் கூட்டாட்சித் தரம், ரிம்மின் அளவு, தயாரிப்பாளர், தயாரித்த காலம் ஆகியவற்றை அதன்மேல் குறிக்கச் சொல்கிறது. எந்த அமைப்பின் அளவை ஒட்டிச் செய்தது என்பதற்கும் ஓரெழுத்துக் குறி உண்டு. எடை பற்றியும் அத்தரத்தில் ஒரு விதி இருக்கிறது: கார் டயரைப் பிக்கப்பில் போட்டால் அதன் எடைத் தகுதியை 1.10 ஆல் வகுத்துத்தான் கணக்கிட வேண்டும். கார் சீராகச் சுமக்கும் அளவும், ஒரு பக்கமாகச் சரக்கு ஏற்றிய பிக்கப் சுமக்கும் அளவும் ஒன்றல்ல என்பதற்கு இது சட்டம் கொடுத்த ஒப்புதல். அச்சிட்ட உதவியும் இருந்தது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டுகளில் ஹாலண்டர் நிறுவனத்தின் மாற்றுப் பொருத்தக் கையேடு 1930களிலிருந்தே வேதப் புத்தகமாக இருந்தது. எந்த ஆண்டு, எந்த மாடலின் பாகம் எதில் ஏறும் என்று அது வரிசைப்படுத்திக் கொடுத்தது.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசங்களின் காலம் 1997-இல் தொடங்கியது. அந்த ஆண்டு எஃப்-150 தன் பழைய வட்டத்தைக் கைவிட்டு 5×135 மி.மீ. அளவுக்கு மாறியது. அதிக எடைக்கான எஃப்-150 வகைக்கு மட்டும் ஏழு துளை, 150 மி.மீ.; பிக்கப் உலகில் ஏழு துளை மிக அரிது. 2004-இல் அது 6×135 ஆனது. ஷெவர்லேயின் ஆறு துளை 139.7. இரண்டு வட்டங்களுக்கும் விட்ட வித்தியாசம் 4.7 மி.மீ., ஒவ்வொரு துளையிலும் மையம் விலகுவது வெறும் 2.35 மி.மீ. துளை ஸ்டட்டைவிடச் சற்றே பெரிதாக இருப்பதால், தட்டித் தள்ளினால் சக்கரம் ஏறிவிடுவது போலக்கூடத் தோன்றும். கூம்பு நட்டு குழியில் முழுதாக அமராமல் ஒரு விளிம்பில் மட்டும் அழுத்தும். ஸ்டட் வளைந்து, சில நூறு கிலோமீட்டருக்குள் முறியலாம். எட்டு துளையில் நடந்ததும் இதுவே. 165.1 மி.மீ. என்ற 6.5 அங்குல வட்டம் நெடுங்காலம் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிறைஸ்லர் என்ற மூன்று பெரிய நிறுவனங்களுக்கும் பொதுவாக இருந்தது. 1999-இன் சூப்பர் டியூட்டி வண்டியில் ஃபோர்டு அதை 170 ஆக்கியது, 2011-இல் ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 180 ஆக்கியது. பழைய எஃப்-250-இன் சக்கரத்தைப் புதிய எஃப்-250-இல் மாட்ட முயன்று ஏமாந்தவர்கள் பலர்.

நடுத்துளையின் முக்கியத்துவமும் இக்காலத்தில்தான் உயர்ந்தது. பழைய முறையில் கூம்பு நட்டுகளே சக்கரத்தை மையத்தில் நிறுத்தின. புதிய வண்டிகளில் ஹப்பின் நடுமுனை சக்கரத்தின் நடுத்துளையில் இழைந்து உட்கார்ந்து சக்கரத்தை மையத்தில் நிறுத்துகிறது. நட்டின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும். ஷெவர்லே சில்வராடோவும் டொயோட்டா டகோமாவும் 6×139.7. சில்வராடோவின் நடுத்துளை 78.1 மி.மீ., 2023 வரையிலான டகோமாவுடையது 106.1. அந்த டொயோட்டாவின் சக்கரம் ஷெவர்லேயில் ஏறும், ஆனால் சுற்றிலும் 14 மி.மீ. இடைவெளியோடு தொளதொளத்து நிற்கும். வளையம் போட்டு நிரப்ப வேண்டும். ஷெவர்லேயின் சக்கரம் டொயோட்டாவின் ஹப்பைத் தாண்டவே தாண்டாது. பிசிடி மட்டும் பார்த்து வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

2000-இல் ஃபயர்ஸ்டோன் டயர்கள் திரும்பப் பெறப்பட்டதும், அதை அடுத்து அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்த்தன. 2007 செப்டம்பர் முதல் தயாரான இலகு வண்டிகளில் டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு கட்டாயம். பல வண்டிகளில் சென்சார் வால்வோடு சேர்ந்து ரிம்முக்குள் இருக்கிறது. எனவே புதுச் சக்கரத்தின் வால்வுத் துளையிலும் அதன் பின்புறத்திலும் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதாயிற்று.

அண்மைக்காலத்தில் வட்டங்கள் ஓரளவு நெருங்கி வந்திருக்கின்றன. புதிய ஃபோர்டு ரேஞ்சர், ராம் 1500 இரண்டும் 2019-இல் 6×139.7-க்கு வந்தன. 2007-இல் 5×150-க்குப் போன டொயோட்டா டண்ட்ரா 2022-இல் அதே ஆறு துளைக்குத் திரும்பியது. ஆசியாவின் ஹைலக்ஸ், டி-மேக்ஸ் வகைகளும் அந்த அளவிலேயே இருக்கின்றன. எனினும் ரேஞ்சரின் நடுத்துளை 93.1, டண்ட்ராவுடையது 95.1, எஃப்-150 இன்னும் 135-இலேயே நிற்கிறது. முக்கால் டன் வண்டிகளுக்குப் போனால் ஃபோர்டு 170, ஜெனரல் மோட்டார்ஸ் 180, ராம் பழைய 165.1.